நெஞ்சுக்குள் இருக்கும் கருவி: குறையைக் கண்டவர் யாரிடம் சொல்வது?



உடலுக்குள் பொருத்தப்படும் மருத்துவக் கருவி ஒன்றில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தால், அதை யாரிடம், எப்போது, எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். மென்பொருள் துறையில் இது பழைய வாதம். ஆனால் வங்கிச் செயலியில் இருக்கும் ஓட்டையையும், ஒருவருடைய மார்புத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் கருவியில் இருக்கும் ஓட்டையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. செயலியைப் பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். கருவியை எடுக்க அறுவை மேசையில் படுக்க வேண்டும். நான் சொல்லவிருக்கும் எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்கு, முழுவதும் உடலுக்குள்ளேயே இருக்கும் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அதைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். பொருத்தியவர் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர். அந்தக் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன், கருவி மாற்றிக் கருவியாக இருபத்தைந்துக்கும் மேல் பொருத்திக்கொண்டு, 86 வயது வரை வாழ்ந்து, தன்னைக் காப்பாற்றிய இருவருக்கும் பிறகு 2001-இல் காலமானார். அந்த முதல் கருவி வெளி உலகத்தோடு பேசவில்லை. இதயத்துக்குத் துடிப்பைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்றைய பேஸ்மேக்கர் பேசுகிறது. நெஞ்சில் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் டெஃபிப்ரிலேட்டரும் பேசுகிறது. மருத்துவமனையில் இருக்கும் 'புரோகிராமர்' என்ற கணினியோடும், சில வகைகளில் வீட்டில் படுக்கைக்கு அருகே வைக்கப்படும் சிறு பெட்டியோடும் ரேடியோ அலை வழியாகப் பேசுகிறது. இதை ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரவில் இதயத்துடிப்பு தடுமாறியதைக் காலையில் மருத்துவர் அறிய முடிகிறது. பேட்டரி தேய்வது முன்கூட்டியே தெரிகிறது. நோயாளி அடிக்கடி பேருந்து ஏறி வர வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பேச்சுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதானே என்று இங்குள்ள பொறியியல் மாணவர்கள் கேட்பீர்கள். பூட்டு வேண்டும், ஆனால் இங்கே பூட்டுவது அவ்வளவு எளிதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர் வெளியூரில் மயங்கி விழுகிறார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்குள்ள மருத்துவருக்கு அவரைத் தெரியாது. அந்த மருத்துவர் நிமிடங்களுக்குள் கருவியைப் படித்து, தேவையானால் அதன் அமைப்பை மாற்ற வேண்டும். கடவுச்சொல் நோயாளியின் ஊரில் இருக்கிறது என்றால் அவர் இறந்துபோவார். அடுத்தது பேட்டரி. தோலுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறு பேட்டரி பல ஆண்டுகள் ஓட வேண்டும். ஒவ்வொரு ரேடியோ உரையாடலும், ஒவ்வொரு மறையாக்கக் கணக்கும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை, மறுபடி தொற்று அபாயம். கருவிகளை வடிவமைத்தவர்கள் அலட்சியமாக இருந்த இடங்கள் உண்டு, அவற்றுக்கு வருகிறேன். ஆனால் உண்மையாகவே கடினமான ஒரு கணக்கை அவர்கள் போட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டுக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

2008-ஆம் ஆண்டு மே மாதம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம், வாஷிங்டன் பல்கலைக்கழகம், பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டேனியல் ஹால்பெரின், கெவின் ஃபூ, டடயோஷி கோனோ, இதய மருத்துவர் வில்லியம் மைசல் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அன்று மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருந்த மெட்ரானிக் நிறுவனத்தின் டெஃபிப்ரிலேட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ரேடியோ உரையாடலைக் கேட்டு, புரிந்து, பிறகு தாங்களே அதோடு பேசினார்கள். நோயாளியின் பெயரும் நோய் விவரமும் காற்றில் வெளிப்படையாக வந்தன. சிகிச்சையை நிறுத்த முடிந்தது. இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கக்கூடிய அதிர்ச்சியைக் கொடுக்கும்படி கருவிக்குக் கட்டளையிட முடிந்தது. சோதனை நடந்தது சில சென்டிமீட்டர் தூரத்தில். 

அவர்கள் கண்டுபிடித்ததைவிட, கண்டுபிடித்ததை அவர்கள் சொன்ன விதத்தை நான் மதிக்கிறேன். எல்லா விவரத்தையும் அச்சில் போடவில்லை. தாக்குவதற்குத் தேவையான நுட்பங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். குறையை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கவும் இல்லை. பேட்டரியைத் தொடாமல், வரும் ரேடியோ அலையின் ஆற்றலிலேயே இயங்கி, யாரோ கருவியோடு பேசுகிறார்கள் என்று நோயாளிக்கு ஒலியெழுப்பிச் சொல்லும் ஒரு தற்காப்பையும் அதே கட்டுரையில் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி பொருத்தியவர்களுக்கு நேரடியாகச் சொன்னார்கள்: இதனால் எந்த நோயாளிக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை, கருவியால் கிடைக்கும் நன்மை இந்த அபாயத்தைவிட மிகப் பெரியது, பதற வேண்டாம். அந்த அணியில் இதய மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கணினி அறிஞர்கள் மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கடைசிப் பகுதி அவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்பது என் எண்ணம். மைசல் பின்னர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கருவிப் பிரிவில் பொறுப்பேற்றார். 2021-இல் அதே பிரிவு கருவிகளின் இணையப் பாதுகாப்புக்கென்று ஒரு தற்காலிக இயக்குநரை நியமித்தபோது, அந்த இடத்தில் அமர்ந்தவர் கெவின் ஃபூ.

இனி, நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகும் நிகழ்ச்சி. 2016 ஆகஸ்ட் 25. அமெரிக்காவில் 'மட்டி வாட்டர்ஸ்' என்ற முதலீட்டு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. செயின்ட் ஜூட் மெடிக்கல் என்ற நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களிலும் டெஃபிப்ரிலேட்டர்களிலும் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாக அது சொன்னது. கருவியைச் செயலிழக்கச் செய்யலாம், பேட்டரியை வேகமாகத் தீர்க்கலாம் என்பவை அதன் குற்றச்சாட்டுகள். ஓட்டைகளைக் கண்டுபிடித்தது 'மெட்செக்' என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். மெட்செக் தன் கண்டுபிடிப்பை உற்பத்தியாளரிடம் கொண்டுபோகவில்லை. அரசிடமும் முதலில் கொண்டுபோகவில்லை. பங்குச் சந்தை முதலீட்டாளரிடம் கொண்டுபோனது. அந்த முதலீட்டாளர், செயின்ட் ஜூட் பங்கு விலை விழும் என்று எதிர்பார்த்து 'ஷார்ட்' அடித்து வைத்திருந்தார். அதாவது, பங்கை இரவல் வாங்கி முன்கூட்டியே விற்றுவிட்டு, விலை விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து லாபம் பார்ப்பது. அந்த லாபத்தில் மெட்செக்குக்கும் பங்கு. அறிக்கை வந்த அன்றே பங்கு விலை ஏறத்தாழ 5 சதவீதம் சரிந்தது. அந்த நேரத்தில் செயின்ட் ஜூட் நிறுவனத்தை அபாட் நிறுவனம் 2,500 கோடி டாலருக்கு வாங்கும் பேச்சு முடிவாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செயின்ட் ஜூட் மறுத்தது, செப்டம்பரில் வழக்குப் போட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறிக்கையில் காட்டிய சான்றுகளில் ஒன்று கருவி செயலிழந்ததை நிரூபிக்கவில்லை என்றார்கள். மட்டி வாட்டர்ஸ் தரப்பு அமர்த்திய இன்னொரு நிறுவனம், குறை உண்டு என்று அடித்துச் சொன்னது. இந்த வாதங்களெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, நெஞ்சில் அந்தக் கருவியோடு தூங்கப் போனவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. வீட்டுப் பெட்டியைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் இதயத்தின் கோளாறு மருத்துவருக்குத் தெரியாமல் போகும். கருவியை எடுத்துவிடலாமா? மருத்துவரிடம் கேட்டால் அவருக்கும் செய்தித்தாளில் வந்ததற்கு மேல் தெரியாது. 2017 ஜனவரி 9 அன்றுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டுப் பெட்டியில் குறை இருப்பதை உறுதிசெய்தது, நிறுவனமும் அதற்கான மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது. நான்கரை மாதம், அபாயம் மட்டும் உண்டு, பரிகாரம் இல்லை என்ற நிலையில் மக்கள் நிறுத்தப்பட்டார்கள்.

மெட்செக் சொன்னது பொய்யில்லை என்பதை நான் மறைக்க மாட்டேன். அவர்கள் தரப்பில் இன்னொரு நியாயமும் இருந்தது. 2017 ஏப்ரலில் உணவு, மருந்து நிர்வாகம், அதற்குள் செயின்ட் ஜூடை வாங்கிவிட்டிருந்த அபாட்டுக்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தில், 2014-லேயே வெளியார் செய்த மதிப்பீட்டில் சொல்லப்பட்ட பாதுகாப்பு அபாயங்களை நிறுவனம் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று குறிப்பிட்டிருந்தது. ஆக, நிறுவனத்திடம் சொல்லியிருந்தால் மூலையில் போட்டிருப்பார்கள் என்று மெட்செக் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அவர்கள் செய்தது தவறு என்பதே என் தீர்ப்பு. நிறுவனத்தின் கதவு மூடியிருந்தால், அரசு நிர்வாகத்தின் கதவும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் இணைய அவசரப் பிரிவின் கதவும் திறந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டுச் சந்தையின் கதவைத் தட்டியவர், செய்தி எவ்வளவு அதிர்ச்சியாக வருகிறதோ அவ்வளவு லாபம் என்ற நிலையில் தன்னை வைத்துக்கொண்டார். நோயாளிக்கோ அதே அதிர்ச்சிதான் தீங்கு. இரண்டு நலன்களும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இடத்தில் போய் நிற்பவரின் நோக்கத்தை அளக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்தக் கதை அத்தோடு முடியவில்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று, பேஸ்மேக்கருக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றும் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 4,65,000 கருவிகள். வீட்டில் செய்ய முடியாது. மருத்துவமனைக்கு வர வேண்டும். மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடமும் கருவி மாற்று நிலையில் நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற கணக்கில் ஓடும். முந்தைய அனுபவத்தை வைத்து அபாயத்தின் விகிதங்களையும் வெளியிட்டார்கள். திருத்தம் முழுமையடையாமல் பழைய மென்பொருளே திரும்பி வரும் வாய்ப்பு 0.161 சதவீதம். மருத்துவர் வைத்த அமைப்புகள் அழிந்துபோகும் வாய்ப்பு 0.023 சதவீதம். கருவி முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு 0.003 சதவீதம். கடைசி எண் மிகச் சிறியதாகத் தெரியும். 4,65,000 பேருக்கும் செய்தால் அது ஏறத்தாழ 14 பேர். அந்த 14 பேரில் சிலருக்கு, பேஸ்மேக்கர் இல்லாமல் இதயம் துடிக்காது. அதனால்தான், முழுவதும் கருவியை நம்பியிருப்பவர்களுக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் வசதி உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள் என்றும், நோயாளியோடு பேசி முடிவெடுங்கள் என்றும், இதற்காகக் கருவியை எடுத்து மாற்ற வேண்டாம் என்றும் மருத்துவர்களுக்குச் சொன்னார்கள்.

கைப்பேசியில் திருத்தம் வந்தால் யோசிக்காமல் பொத்தானை அழுத்துகிறோம். இங்கே திருத்தமே ஒரு சிகிச்சை. பக்கவிளைவு உள்ள சிகிச்சை. குறையைக் கண்டுபிடித்தவர் "90 நாள் தருகிறேன், அதற்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவேன்" என்று சொல்லும் மென்பொருள் உலக வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததன் காரணம் இதுதான். நாள்கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலக்கெடு இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் அசையாது. ஆனால் கெடு முடியும் நாளில் நோயாளியின் கையில் ஏதாவது ஒரு வழி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே வெளியிட வேண்டும்.

அதே 2016-இல், செயின்ட் ஜூட் சச்சரவு நடந்துகொண்டிருந்த அக்டோபர் மாதத்தில், இன்னொரு குறைபாடு வெளியானது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை; அது சரியாக நடந்ததால்தான் பேசுவதில்லை போலும். ஜே ராட்கிளிஃப் சர்க்கரை நோயாளி, பாதுகாப்பு ஆய்வாளரும்கூட. 2011-லேயே தான் அணிந்திருந்த இன்சுலின் பம்பின் பலவீனத்தை மேடையில் காட்டியவர். இன்சுலின் பம்ப் முழுக்க உடலுக்குள் இருப்பதில்லை. இடுப்பில் இருக்கும், குழாய்தான் தோலுக்குள் போகும். என்றாலும் அதிகப்படி இன்சுலின் உயிரைப் பறிக்கும். ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தின் அனிமாஸ் நிறுவனம் விற்ற பம்பில், பம்பைத் தள்ளி இருந்தே இயக்க உதவும் தூரக்கருவிக்கும் பம்புக்கும் இடையிலான பேச்சு மறைக்கப்படாமல் போவதை அவர் கண்டார். ஏப்ரலில் நிறுவனத்திடம் சொன்னார். நிறுவனம் கேட்டது, சோதித்தது, ஒப்புக்கொண்டது. அக்டோபரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஏறத்தாழ 1,14,000 பேருக்குத் தபாலில் கடிதம் போனது. கடிதத்தில் பீதி இல்லை, வழி இருந்தது: தூரக்கருவியின் ரேடியோவை அணைத்துவிடலாம்; ஒரு வேளையில் போகக்கூடிய இன்சுலினுக்கு உச்சவரம்பு வைக்கலாம்; மருந்து போகும்போது பம்ப் அதிரும்படி அமைத்துக்கொள்ளலாம். ராட்கிளிஃப் அதே நாளில் எழுதியதன் சாரம், தன் பிள்ளைகளில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்து மருத்துவர் பம்ப் போடச் சொன்னால் இதே பம்பைப் போடத் தயங்கமாட்டேன் என்பது. குறையைக் கண்டவரே அப்படிச் சொன்னதைக் கேட்ட நோயாளிக்கு எவ்வளவு தெம்பு வந்திருக்கும்!

நிறுவனங்கள் எப்போதும் இப்படி நடந்துகொண்டதில்லை. பில்லி ரியோஸ், ஜோனதன் பட்ஸ் என்ற இருவர், மெட்ரானிக் நிறுவனத்தின் புரோகிராமர் கணினி இணையம் வழியாக வாங்கும் மென்பொருளைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொள்வதை 2017 ஜனவரியில் அந்நிறுவனத்திடம் தெரிவித்தார்கள். மாதங்கள் ஓடின. அபாயம் குறைவு என்பதே பதிலாக இருந்தது. 2018 ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாட்டு மேடையில் அவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். அக்டோபரில் நிறுவனம் இணையவழிப் புதுப்பித்தலையே நிறுத்தியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்து, அரசு அமைப்புகளிடமும் சொல்லி, அதன் பிறகு மேடையேறியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பொறுப்போடு சொல்வது என்பதற்கு, நிறுவனம் விரும்பும்வரை வாய் மூடியிருப்பது என்று பொருள் கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிடிவாதம்தான் நல்ல ஆய்வாளர்களைச் சந்தைக்காரர்களிடம் தள்ளுகிறது.

இந்த வாதங்களிலெல்லாம் ஒரு தரப்பின் குரல் கடைசியில்தான் கேட்கிறது. நார்வேயின் மேரி மோ ஒரு பாதுகாப்பு ஆய்வாளர். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட பிறகு, தனக்குள் இருக்கும் கருவிக்கு ரேடியோ இருப்பதைத் தானே படித்துத் தெரிந்துகொண்டவர். லண்டன் சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் ஏறும்போது ஒருநாள் திடீரென்று அவருக்கு மூச்சு முட்டியது. காரணம் எந்தத் தாக்குதலும் இல்லை. மருத்துவமனைக் கணினியில் இருந்த மென்பொருள் பிழையால், திரை காட்டிய அளவும் கருவிக்குள் இருந்த அளவும் வேறுபட்டிருந்தன. பாதுகாப்பு என்றால் கயவனைத் தடுப்பது மட்டும் என்று நினைப்பவர்கள் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். தன்னைப் போன்றவர்களுக்குக் கருவியின் உள்ளே என்ன ஓடுகிறது என்று அறியும் உரிமை வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனிக்கு 2007-இல் டெஃபிப்ரிலேட்டர் மாற்றியபோது, அவருடைய மருத்துவர் அதன் ரேடியோவை முடக்கச் செய்தார். 2013-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் செனியே அதைச் சொன்னார். உயர்ந்த பதவியில் இருந்தவருக்கு அபாயத்தைச் சொல்ல ஆள் இருந்தது, முடிவெடுக்கும் வாய்ப்பும் இருந்தது. மற்றவர்களுக்கு அதே செய்தி பல ஆண்டு கழித்து, அதுவும் தலைப்புச் செய்தியாக வந்து சேர்கிறது. பொறுப்பான அறிவிப்பு என்று நான் சொல்வது, செனிக்குக் கிடைத்ததைச் சாதாரண நோயாளிக்கும் கிடைக்கச் செய்வதைத்தான்.

அமெரிக்காவில் சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. மருத்துவக் கருவிகளை நல்லெண்ணத்தோடு சோதிப்பதற்கு 2015-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்குக் கிடைத்தது. நல்லெண்ண ஆய்வாளர்மீது கணினிக் குற்ற வழக்குத் தொடுக்க வேண்டாம் என்று 2022 மே மாதத்தில் அந்நாட்டு நீதித் துறை கொள்கை வகுத்தது. 2023 முதல், இணையத்தோடு பேசும் புதுக் கருவிக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், குறைகளைப் பெற்றுக்கொண்டு ஒருங்கிணைந்து வெளியிடும் திட்டத்தையும், கருவிக்குள் இருக்கும் மென்பொருள் பகுதிகளின் பட்டியலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

நம் இந்தியாவிலும் இதே நிறுவனங்களின் கருவிகள் பொருத்தப்படுகின்றன. 2017-இல் மருத்துவக் கருவி விதிகள் வந்தன. கருவிகளால் நேரும் தீங்குகளைத் தெரிவிக்க 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது. இணையக் குறைகளைத் தெரிவிக்க செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு இருக்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைபவரை இழப்பீடு கொடுக்க வைக்கிறது. நேர்மையற்ற எண்ணம் இருந்தால் 66-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சோதிப்பவரைத் தனியாகக் காக்கும் வரி அந்தச் சட்டத்தில் இல்லை. அந்த வரி வர வேண்டும். அதை எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் பொறியாளர்கள் மட்டுமல்லர். இதய மருத்துவர் சங்கங்களும் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களில் யாராவது நாளை இப்படி ஒரு குறையைக் கண்டுபிடிக்கலாம். மனிதர் உடலில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின்மீது ஒருபோதும் சோதனை செய்யாதீர்கள். கண்டதை எழுதி வைத்து, நிறுவனத்துக்கும் செர்ட்-இன்னுக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். எழுதும் முன் ஓர் இதய மருத்துவரை அருகில் உட்கார வையுங்கள். காணொளி போடும் ஆசை வரும். அந்தக் காணொளியைப் பார்க்கப் போகிறவர்களில் அந்தக் கருவியை நெஞ்சில் வைத்திருப்பவரும் இருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறை என்றைக்கு வெளியானாலும், அதைக் கேட்டு நோயாளி முதலில் உங்களிடம்தான் ஓடி வருவார். உங்கள் மருத்துவமனையில் கருவி பொருத்திக்கொண்டவர்களின் பெயரும், அவரவர் கருவியின் மாடல் எண்ணும், இப்போது பேசக்கூடிய தொலைபேசி எண்ணும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று நாளைக் காலையில் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.